பித்தளைக் குழலும் பாட்டாளி மக்களும்

இசைக் கலை ஓய்வும் செல்வமும் உடையோர்க்கே உரியது என்னும் எண்ணம் மேனாடுகளிலும் கீழ்நாடுகளிலும் நெடுங்காலம் வேரூன்றி இருந்தது. நாள் முழுதும் தறியடியிலும் சுரங்கத்திலும் உழைத்து ஓய்ந்தவன், மாலையில் உயர்ந்த இசையைப் பயில்வான் என்று எவரும் எதிர்பார்த்தாரில்லை. அவ்வெண்ணத்தைத் தம் மூச்சுக் காற்றாலேயே தகர்த்தவர்கள் வட இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளரும் ஆவர். அவர்கள் வளர்த்த பித்தளை இசைக்குழுவின் வரலாறு இசை வரலாறு மட்டுமன்று. உழைக்கும் மக்கள் கல்வி பெற்ற வரலாறும் ஆகும். ஆதலின் அஃது ஆசிரியர்களின் கருத்துக்கு உரியது.

பித்தளை இசைக்குழு என்பது யாது?

தமிழ் மக்கள் திருமண ஊர்வலங்களிலும் திருவிழாக்களிலும் கேட்டுப் பழகிய பாண்டு வாத்தியத்தில் கிளாரினெட் போன்ற நாணற் கருவிகளும் பெரிய முரசுகளும் கலந்து ஒலிக்கும். ஆங்கிலேயர் ‘பிராஸ் பாண்டு’ என்று சிறப்பாகக் குறிப்பிடும் குழுவோ வரையறை மிக்கது. அதில் நாணற் கருவிக்கும் மரக் குழலுக்கும் இடமில்லை. பித்தளையால் ஆன ஊதுகருவிகள் 25. அவற்றோடு தாளக் கருவிகள் சில. அவ்வளவே.

அந்த 25 கருவிகளின் பகுப்பு வருமாறு: உச்சக் குரல் எழுப்பும் சொப்ரானோ கார்னெட் 1, கார்னெட் 9, புளூகல் ஹார்ன் 1, டெனர் ஹார்ன் 3, பாரிடோன் 2, யூபோனியம் 2, டெனர் டிராம்போன் 2, பேஸ் டிராம்போன் 1, அடிக் குரலுக்குரிய பெரிய பேஸ் கருவிகள் 4. இவ்வமைப்பு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைபெற்றது. போட்டி மேடையில் தாளக் கருவிகளை ஒலிக்க விடும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வந்தது. அதுவரை ஊதுகருவியாளர்கள் முரசின் துணையின்றியே தாளத்தைக் காத்து நின்றனர்.

குழலின் இயக்கம்

இக் கருவிகளில் ஒலியைப் பிறப்பிப்பது ஊதுவோன் உதடு. கிண்ணம் போன்ற வாய்ப் பகுதியில் உதடுகளைப் பொருத்தி ஊதும்போது அவை அதிர்கின்றன. அவ்வதிர்வு குழாயினுள் இருக்கும் காற்றை அதிரச் செய்கிறது. துளையோ பொத்தானோ இல்லாத வெறுங்குழாயில் உதட்டின் இறுக்கத்தை மாற்றிச் சில சுரங்களை மட்டுமே எழுப்ப இயலும். பழைய போர்க் கொம்புகளின் நிலை இதுவே. இடைப்பட்ட சுரங்கள் கிட்டாமையால் ஒரு முழுப் பாடலை அவற்றில் வாசித்தல் அரிதாயிற்று.

இக் குறையை முதலில் நீக்க முயன்றவர்கள் குழாயில் துளையிட்டு மூடிகள் அமைத்தனர். 1810இல் ஜோசப் ஹாலிடே என்பார் காப்புரிமை பெற்ற மூடியுள்ள பியூகிள் அவ்வகையைச் சார்ந்தது. அதனினும் சிறந்த வழியை ஜெர்மானியர் கண்டனர். ஸ்டோல்செல், புளூமெல் என்னும் இருவர் 1818இல் பிரஷ்ய நாட்டில் வால்வு என்னும் அமைப்பிற்குக் காப்புரிமை பெற்றனர். ஒரு பொத்தானை அழுத்தினால் காற்று சிறிது தொலைவு கூடுதலான குழாயில் சுற்றி வரும். குழாய் நீண்டால் ஒலி தாழும். இரண்டாம் பொத்தான் அரைச் சுரம் தாழ்த்தும். முதற் பொத்தான் முழுச் சுரம் தாழ்த்தும். மூன்றாம் பொத்தான் ஒன்றரைச் சுரம் தாழ்த்தும். மூன்று விரல்களால் எல்லாச் சுரங்களும் கைக்குள் வந்தன.

இதில் ஒரு நுட்பமான இடர்ப்பாடு உண்டு. அரைச் சுரம் தாழ்த்தக் குழாயின் நீளத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 6 பங்கும், முழுச் சுரத்திற்கு 12 பங்கும், ஒன்றரைச் சுரத்திற்கு 19 பங்கும் கூட்டல் வேண்டும். மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் 37 பங்கு கூடும். ஆனால் மூன்று முழுச் சுரம் தாழ்வதற்கு 41 பங்கு வேண்டும். குழாய் அந்த அளவிற்குக் குறைவதால் சுரம் சற்று உயர்ந்து பிசகும். பூசி என்னும் நிறுவனத்தில் பணியாற்றிய பிளெய்க்லி 1874இல் இக் குறையைத் தானே ஈடு செய்யும் வால்வு அமைப்பை உருவாக்கினார். பெரிய கருவிகளில் அம்முறை இன்றும் கையாளப்படுகிறது. டிராம்போனுக்கு இத் தொல்லை இல்லை. குழாயை நீட்டியும் குறுக்கியும் வாசிப்பதால் செவியே அதற்கு அளவுகோல்.

1840களில் பாரிசு நகரில் அடால்ப் சாக்ஸ் என்னும் கருவி வினைஞர் சிறியது முதல் பெரியது வரை ஒரே சாயலுடைய வால்வுக் குழல்களை ஒரு குடும்பமாகச் செய்தார். இங்கிலாந்தின் டிஸ்டின் குடும்பத்தார் 1844இல் அவரைக் கண்டு, அக் கருவிகளைத் தம் நாட்டில் ஊர் ஊராக வாசித்துப் பரப்பினர். ஒருமித்த குரலுடைய குழு அமைவதற்கு அதுவே வழி திறந்தது.

ஆலையும் குழுவும்

கருவி கிடைத்தது, வாசிக்க நேரம் வேண்டுமன்றோ? 1847ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலைகளில் பெண்களுக்கும் இளைஞர்க்கும் வேலை நேரத்தைப் பத்து மணியாகக் குறைத்தது. 1850ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு அவர்கள் வேலை முடிந்தது. அவர்களின்றி ஆலை ஓடாதாகையால் ஆடவர்க்கும் நாளடைவில் அப்பயன் கிட்டியது. சனிக்கிழமை அரைநாள் ஓய்வு பிறந்தது. அவ்வரை நாளில்தான் காற்பந்தாட்டமும் பாண்டு இசையும் வளர்ந்தன.

அதற்கு முன்பும் குழுக்கள் இல்லாமல் இல்லை. ஸ்டேலிபிரிட்ஜ் நகரின் பழங்குழு 1809இல் தோன்றியது. 1819இல் மான்செஸ்டரில் வாக்குரிமை கேட்டுத் திரண்ட மக்களுடன் இசைக்குழுக்களும் சென்றன. அக் கூட்டத்தின்மீது குதிரைப்படை பாய்ந்த கொடுமையே பீட்டர்லூ என வரலாற்றில் நின்றது. மக்களை ஒன்றுகூட்டும் ஆற்றல் இசைக்கு உண்டு என்பதைத் தொழிலாளரும் முதலாளிகளும் ஒருங்கே உணர்ந்திருந்தனர்.

ஆகவே ஆலை முதலாளிகள் குழுக்களுக்குக் கை கொடுத்ததில் வியப்பில்லை. வேல்சு நாட்டின் மெர்தர் டிட்வில் நகரில் இரும்பாலை முதல்வர் கிராஷே 1838இல் சைபார்த்பா குழுவை அமைத்தார். யார்க்ஷயரில் குவீன்ஸ்பரி என்னும் குன்றூரில் ஜான் பாஸ்டரின் கம்பளி ஆலை 1855இல் அவ்வூர்க் குழுவைத் தன் அரவணைப்பில் எடுத்துக்கொண்டது. கருவிகளும் பயிற்சி அறையும் ஆலை கொடுத்தது. சீருடைத் துணியும் அவ்வாலையிலேயே நெய்யப்பட்டது. உலகப் புகழ் பெற்ற பிளாக் டைக் குழு அதுவே.

தோட்ட வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இந்நிலை எளிதில் விளங்கும். குடியிருக்கும் வீடும் ஆலைக்குரியது, பள்ளிக்கூடமும் அவ்வாறே, ஊதும் குழலும் அவ்வாறே. வேலை போனால் வீடும் போகும், குழலும் போகும். முதலாளிக்குக் குழுவினால் நற்பெயரும் விளம்பரமும் கிடைத்தன; ஓய்வு நேரத்தில் தொழிலாளர் ஒழுங்காக இருப்பர் என்னும் நம்பிக்கையும் கிடைத்தது. தொழிலாளி பெற்றது வேறு. ஆலைக்குள் அவன் பெயரற்ற கை. குழுவில் அவன் பெயருடைய கலைஞன். ஒருவர் கொடுத்த நோக்கமும் மற்றவர் பெற்ற பயனும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை.

எல்லாக் குழுக்களும் முதலாளியின் தயவில் வாழ்ந்தன என்று கொள்ளுதல் பிழை. பல குழுக்கள் ஊராரிடம் காசு திரட்டின. கருவிகளைத் தவணைக்கு வாங்கின. விழாக்களில் வாசித்துக் கடனை அடைத்தன. சுரங்க ஊர்கள் பலவற்றில் தொழிலாளர் தம் வாரக் கூலியிலிருந்து சில காசுகளைக் குழுவிற்கென விட்டுக் கொடுத்தனர். பயிற்சிக்கு இடமின்றி மதுக்கடை மாடியில் கூடிய குழுக்களும் இருந்தன. அதனால் விளைந்த கேட்டைக் கண்டு ‘மதுவிலக்கு’ என்னும் சொல்லையே பெயரில் சூடிக்கொண்ட குழுக்களும் இருந்தன. கள்ளுக்கடையின் கேட்டை அறிந்த தோட்ட மக்களுக்கு அப் பெயரின் பொருளை விளக்க வேண்டுவதில்லை. 1878இல் சாலிஸ்பரி நகரில் சார்லஸ் பிரை என்பாரும் அவர் மைந்தரும் தொடங்கிவைத்த இரட்சணிய சேனைக் குழுக்கள் தனி வழி சென்றன. அவை சமயப் பணிக்கே ஊதின, போட்டிகளில் கலந்துகொள்ளவில்லை.

போட்டிகள் பிறந்த வரலாறு

1845இல் யார்க்ஷயரின் பர்ட்டன் கான்ஸ்டபிள் மாளிகையில் சில குழுக்களிடையே ஒரு போட்டி நடந்தது. அதனைக் கண்டவர்களுள் எண்டர்பி ஜாக்சன் என்னும் இளைஞரும் ஒருவர். ஹல் நகரத்தவரான அவர் பின்னாளில் இசையமைப்பாளராகவும் விழா அமைப்பாளராகவும் விளங்கினார். அவருடைய தூண்டுதலால் மான்செஸ்டரின் பெல்வியூ விலங்குத் தோட்டத்தில் 1853 செப்டம்பர் 5ஆம் நாள் பெரும் போட்டி நடைபெற்றது. எட்டுக் குழுக்கள் வந்தன. மாஸ்லி மதுவிலக்குக் குழு வென்றது. இன்று பிரிட்டிஷ் ஓப்பன் என்று வழங்கும் போட்டிக்கு அதுவே வித்து.

1860இல் ஜாக்சன் இலண்டன் கிரிஸ்டல் பேலஸ் மண்டபத்திலும் போட்டி நடத்தினார். குறைந்த கட்டணத்தில் சிறப்பு ரயில்கள் விடுமாறு கம்பெனிகளை இணங்கச் செய்தார். வடபுலத்துத் தொழிலாளர் பலர் முதன்முறையாகத் தலைநகரைக் கண்டது அப்பொழுதுதான். ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் ஒருங்கே வாசித்த இசையை இலண்டன் மக்கள் கேட்டனர். 1900இல் ஜான் ஹென்றி ஐல்ஸ் என்பார் அதே மண்டபத்தில் தேசியப் போட்டியைத் தொடங்கினார். முதல் வெற்றி டென்டன் ஒரிஜினல் குழுவிற்குக் கிட்டியது. 1936 நவம்பர் 30 இரவு கிரிஸ்டல் பேலஸ் தீக்கிரையாயிற்று. 1945 முதல் இறுதிப் போட்டி ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்து வருகிறது.

போட்டி நாள்

போட்டி நாளின் முறை தனித்தன்மை வாய்ந்தது. எல்லாக் குழுக்களும் ஒரே பாடலை வாசிக்கும். சில வாரங்களுக்கு முன்பே அச்சுப் பிரதி வந்து சேரும். அன்று முதல் ஊர் முழுதும் அதே பாட்டுத்தான். இரவுப் பணி முடித்தவன் விடியற்காலையிலும், பகற்பணி முடித்தவன் இரவிலும் தன் பகுதியைப் பயில்வான். போட்டி நாளன்று வாசிக்கும் வரிசை சீட்டுக் குலுக்கி முடிவு செய்யப்படும். முதல் எண் வருவதை எவரும் விரும்புவதில்லை. ஒப்பிடுவதற்கு முன் வாசித்தவர் இல்லாதபோது நடுவர் கை மதிப்பெண்ணை அடக்கியே இடும் என்பது குழுக்களின் நம்பிக்கை.

நடுவர் மூடிய கூடாரத்தினுள் அல்லது திரையிட்ட அறையினுள் இருப்பார். எந்தக் குழு வாசிக்கிறது என்பதை அவர் அறியார். அவர் உள்ளிருந்து ஊதல் ஒலித்ததும் குழு தொடங்கும். பெயர் இல்லை, முகம் இல்லை, ஊர் இல்லை. ஒலி ஒன்றே நடுவர்முன் நிற்கும். புகழ் பெற்ற ஆலைக் குழுவும் பெயர் அறியாச் சிற்றூர்க் குழுவும் அத் திரையின்முன் சமம். சமுதாயத்தில் கிட்டாத சமன்மை அந்த ஒரு கால்மணி நேரத்தில் கிட்டியது என்று கூறினால் மிகையாகாது. தேர்வுத் தாளில் மாணவன் பெயரை மறைத்துத் திருத்தும் முறையை மேற்கொள்ளும் ஆசிரியர்கள் இதன் அருமையை நன்கு அறிவர்.

ஆயினும் போட்டிக்குப் பூசல் இல்லாமற் போகவில்லை. வென்றே தீரவேண்டும் என்னும் வேட்கையால் சில குழுக்கள் வேற்றூர்க் கலைஞரைக் கூலிக்கு அழைத்து வந்தன. இதனைத் தடுக்கக் குழுவினர் பெயரைப் பதிவு செய்யும் விதிகள் வந்தன. தீர்ப்பைக் கேட்டு முணுமுணுத்தலும் வழக்கமாயிற்று.

மாநகர் மண்டபத்திற்கு வெளியே மற்றொரு போட்டியும் உண்டு. பெந்தெகொஸ்தே விழாவை அடுத்து வரும் ‘விட் வெள்ளி’ மாலையில் சாடில்வொர்த், டேம்சைடு பகுதிச் சிற்றூர்களில் அது நடைபெறும். அதன் தொடக்கம் 1884. குழுக்கள் பேருந்தில் ஏறி ஊர் ஊராகச் செல்லும். ஒவ்வோர் ஊரிலும் தெரு வழியே ஒரு நடைப்பாடலை வாசித்துச் செல்லும். பின்னர் ஓரிடத்தில் நின்று போட்டிப் பாடலை வாசிக்கும். வீட்டு மாடியிலோ வண்டியினுள்ளோ மறைந்திருக்கும் நடுவர் மதிப்பெண் இடுவார். உடனே அடுத்த ஊர். நள்ளிரவு அணுகும்வரை மலைச்சரிவெங்கும் குழலோசைதான். பெருந்தொற்றின் காரணமாக 2020லும் 2021லும் நின்றுபோன இவ்விழா, 2022இல் மீண்டும் உயிர் பெற்றது.

பயிற்சி முறையில் ஒரு பாடம்

இவ்விசை விரைந்து பரவியதற்கு ஓர் எளிய காரணம் உண்டு. பேஸ் டிராம்போன் ஒன்று நீங்கலாக, எல்லா ஊதுகருவிகளுக்கும் இசை ஒரே சுரக்குறியில் எழுதப்படுகிறது. சிறிய கார்னெட்டும் ஆளைவிடப் பெருத்த பேஸும் ஏட்டில் ஒன்றுபோலவே தோன்றும். ஏட்டில் உள்ள ஒரு குறிக்கு விரல் வைக்கும் முறையும் வால்வுக் கருவிகள் அனைத்திற்கும் ஒன்றே. ஆகவே கார்னெட் கற்ற சிறுவன், குழுவில் யூபோனியம் வாசிப்பவர் விலகினால் சில வாரங்களில் அவ்விடத்தில் அமரலாம். ஒருமுறை கற்ற எழுத்து எல்லா நூலையும் படிக்க உதவுவது போன்றது இது.

கற்பித்தவர்கள் பெரும்பாலும் பட்டம் பெற்றவர்களல்லர். மூத்தவன் இளையவனுக்குக் கற்பித்தான். தந்தை மகனுக்குக் கற்பித்தான். அவர்களுக்கு மேல் சில பேராசான்கள் இருந்தனர். ஜான் கிளாட்னி, எட்வின் ஸ்விப்ட், அலெக்சாண்டர் ஓவன் ஆகிய மூவரும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக் கலையை உருவாக்கிய மூவர் எனப் போற்றப்படுகின்றனர். ஸ்விப்ட் நெசவுத் தொழிலாளியாக இருந்து உயர்ந்தவர். கிளாட்னி பயிற்றிய மெல்தம் மில்ஸ் குழு 1876, 1877, 1878 ஆகிய மூன்று ஆண்டுகளும் பெல்வியூவில் தொடர்ந்து வென்றது.

ரோசினி, வெர்டி, வாக்னர் முதலியோரின் இசை நாடகங்களிலிருந்து தொகுத்த பகுதிகளே அக்காலப் போட்டிப் பாடல்கள். இசைத்தட்டும் வானொலியும் இல்லாத நாளில், இசை நாடக அரங்கின் வாயிலைக்கூடக் காணாத சுரங்கத் தொழிலாளி அவற்றைத் தன் ஊர்ப் பூங்காவில் கேட்டான்; கேட்டதோடு நில்லாமல் தானே வாசித்தான். 1913இல் பெர்சி பிளெட்சரின் ‘உழைப்பும் அன்பும்’ என்னும் படைப்பு தேசியப் போட்டிக்கென்றே புதிதாக எழுதப்பட்டது. பின்னர் 1928இல் குஸ்டாவ் ஹோல்ஸ்டும் 1930இல் எட்வர்ட் எல்காரும் இக் குழுக்களுக்கென இசை எழுதினர். நாட்டின் முதன்மையான இசைப் புலவர்கள் தொழிலாளரைத் தேடி வந்தனர்.

பெண்களுக்கு இக் கலையின் கதவு நெடுநாள் மூடியே கிடந்தது. கிரேசி கோல் என்னும் கார்னெட் கலைஞர் 1942இல் அலெக்சாண்டர் ஓவன் நினைவு உதவித்தொகையை வென்ற முதற்பெண் ஆனார். இன்று குழுக்களில் பெண்கள் முதன்மை இடங்களில் அமர்ந்து வாசிக்கின்றனர்.

ஆலை மறைந்த பின்

தாங்கி நின்ற தொழில் சாய்ந்தால் கலை என்னாகும்? இவ்வரலாற்றின் உயிர்நாடியான வினா இது.

யார்க்ஷயரின் கிரைம்தார்ப் சுரங்க ஊரில் 1917இல் ஒரு குழு தோன்றியது. 1992 அக்டோபர் 13ஆம் நாள் பிரிட்டிஷ் அரசு 31 நிலக்கரிச் சுரங்கங்களை மூடப்போவதாக அறிவித்தது. ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழக்கும் நிலை. கிரைம்தார்ப் சுரங்கமும் அப் பட்டியலில் இருந்தது. அதே மாதத்தில் அக் குழு ராயல் ஆல்பர்ட் ஹாலில் தேசியப் போட்டியில் வென்றது. அடுத்த ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. 1996இல் வெளிவந்த ‘பிராஸ்ட் ஆப்’ என்னும் திரைப்படம் இந்நிகழ்ச்சிகளைத் தழுவி எடுக்கப்பட்டது. அதில் ஒலிக்கும் இசை கிரைம்தார்ப் குழுவினுடையதே. ஊரின் துயரத்தைக் கோப்பை தீர்த்து விடவில்லை. வேலையின்மையும் வறுமையும் அவ்வூரை நெடுங்காலம் வாட்டின. ஆயினும் குழு கலையவில்லை.

மற்ற ஊர்களிலும் இதுவே நிகழ்ந்தது. போடன் லாரித் தொழிற்சாலையின் பெயரால் 1900இல் எழுந்த குழு இன்றும் வாசிக்கிறது. போடன் லாரிகள் செய்யப்படுவது 2006இல் நின்று விட்டது. குவீன்ஸ்பரி ஆலையில் தறியோசை ஓய்ந்து பல ஆண்டுகள் ஆயின. பிளாக் டைக் குழுவின் குழலோசை ஓயவில்லை. முதலாளி கொடுத்த கருவி தேயும். கொடுத்த சீருடை கிழியும். தந்தை மகனுக்குக் கற்பித்த விரல் பழக்கமும் செவிக் கூர்மையும் ஆலையின் கணக்கேட்டில் ஏறாத உடைமைகள். கதவடைப்பு அறிவிப்பு அவற்றைத் தீண்ட முடியவில்லை.

எனினும் இதை வைத்துக் கலை தானே வாழும் என்று எண்ணி ஓய்ந்திருத்தல் கூடாது. மறைந்துபோன குழுக்கள் எண்ணற்றவை. நிலைத்து நின்ற குழுக்களைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று புலப்படும். அவை சிறுவர்க்கெனத் தனி இளங்குழு வைத்திருந்தன. பள்ளிகளோடு தொடர்பு கொண்டிருந்தன. ஊராரின் ஆதரவைத் தேடிப் பெற்றன. பத்து வயதுச் சிறுவன் கையில் கார்னெட்டைக் கொடுத்துக் கற்பிக்க ஒருவர் இருந்த ஊரில் குழு வாழ்ந்தது. அவர் இல்லாத ஊரில் கோப்பைகள் மட்டும் கண்ணாடிப் பேழையில் எஞ்சின.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்த இந் நாட்டில், கோயில் மேளமும் நாடகக் கொட்டகையும் தமிழ்ப் பள்ளியும் இதே வினாவை எதிர்நோக்கியுள்ளன. வட இங்கிலாந்தின் தொழிலாளர் தந்த விடை எளிது: நிலம் பிறருடையதாயினும், கற்றதும் கற்பித்ததும் கற்றவர்க்கே உரியன. அவ்வுடைமையைக் காப்பது பாடம் சொல்லும் ஒருவரும் அதைக் கேட்க அமரும் ஒரு குழந்தையுமே.